ஆறாவது பெனால்டியை அடிக்கப்போவது யார்? - டிஃபெண்டர் சவுத்கேட் மேனேஜர் ஆன கதை

1996, ஜூன் 26. லண்டன் வெம்ப்ளி மைதானம். யூரோ கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதுகின்றன. மூன்றாவது நிமிடத்திலேயே ஆலன் ஷியரர் தலையால் முட்டி இங்கிலாந்துக்கு கோல் போடுகிறார். 16-வது நிமிடத்தில் ஸ்டெஃபான் குன்ட்ஸ் அதைச் சமன் செய்கிறார். அதன்பிறகு 90 நிமிடம் முடிந்தது, கூடுதல் நேரம் 30 நிமிடமும் முடிந்தது. ஸ்கோர் 1-1 என்றே நிற்கிறது. இனி பெனால்டி ஷூட் அவுட்தான்.

இங்கிலாந்துக்காக ஷியரர், டேவிட் பிளாட், ஸ்டூவர்ட் பியர்ஸ், பால் காஸ்கோயின், டெடி ஷெரிங்கம் என ஐந்து பேர் அடித்தார்கள். ஐந்தும் கோல். ஜெர்மனியும் ஐந்துக்கு ஐந்து. இனி யார் முதலில் தவறவிடுகிறார்களோ, அவர்கள் காலி.

சரி, ஆறாவது யார்?

யோசித்துப் பாருங்கள். சொந்த ஊரில் நடக்கும் பெரிய தொடர், அதில் அரையிறுதி. முதல் ஐந்து பேர் யார் என்பது முடிவாகியிருக்கிறது. ஆறாவது ஆள் யார் என்பதற்குத்தான் உறுதியான பதில் இல்லை. அந்த இடைவெளியில் ஒருவர் ‘நான் அடிக்கிறேன்’ என்று முன்வந்தார். வயது 25. இங்கிலாந்து அணிக்கு அறிமுகமாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை. விளையாடும் இடம் டிஃபென்ஸ். தொழில்முறை ஆட்டத்தில் அதற்கு முன் அவர் அடித்திருந்தது ஒரே ஒரு பெனால்டி. அதுவும் போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது.

அவர் பெயர் கேரத் சவுத்கேட்.

பந்து தாழ்வாக, பெரிய வேகமில்லாமல் போனது. ஜெர்மனி கோல்கீப்பர் ஆந்த்ரேயாஸ் கோப்கே பாய்ந்து தடுத்தார். அடுத்து வந்த ஆந்த்ரேயாஸ் மோலர் கோல் அடித்தார். இங்கிலாந்து வெளியேறியது. ஜெர்மனி அந்தக் கோப்பையையும் வென்றது.

22 ஆண்டுகள் கழித்து, அதே சவுத்கேட் இங்கிலாந்தின் மேனேஜராக ஒரு பெனால்டி ஷூட் அவுட்டை எதிர்கொண்டார். அப்போது ஆறாவது பெயர் மட்டுமல்ல, முழுப் பட்டியலும் அவர் கையில் இருந்தது. இடையில் என்னாச்சு?

யார் இந்த சவுத்கேட்?

1970-ல் வாட்ஃபோர்டில் பிறந்தவர். சிறு வயதில் சவுத்தாம்ப்டன் கிளப்பின் இளையோர் பிரிவில் இருந்தார். அவர்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட, கிறிஸ்டல் பேலஸ் கிளப்பில் சேர்ந்தார். அங்கே இளையோர் பயிற்சியாளராக இருந்த ஆலன் ஸ்மித், கால்பந்து உனக்குச் சரிப்படாது, டிராவல் ஏஜென்ட் வேலைக்குப் போகலாம் என்கிற ரீதியில் அவரைக் கடிந்துகொண்ட கதை இங்கிலாந்தில் ரொம்பப் பிரபலம். முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த வார்த்தை தனக்கு உதவியது என்றே சவுத்கேட் பின்னாளில் பேசியிருக்கிறார்.

அதே பேலஸுக்கு இளம் வயதிலேயே கேப்டன் ஆனார். 1993-94 சீசனில் இரண்டாம் நிலை லீக்கை வென்று, அணியைப் பிரீமியர் லீக்குக்கு அழைத்துச் சென்றார். 1995-ல் ஆஸ்டன் வில்லா அவரை 25 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதுவரை பெரும்பாலும் மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தவரை அங்கேதான் சென்டர் பேக் ஆக்கினார்கள்.

சென்டர் பேக் என்பது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசிக் காவல். ஸ்ட்ரைக்கர் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றை கோலாக்கினால் ஹீரோ. டிஃபெண்டர் 89 நிமிடம் ஒழுங்காக ஆடிவிட்டு ஒரு நிமிடம் சறுக்கினால், மறுநாள் பேப்பரில் அந்த ஒரு நிமிடம்தான் இருக்கும். தவறு நடக்கும் முன்பே அதை எதிர்பார்த்து நிற்பதுதான் அந்த வேலை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தோல்வி காமெடி ஆன கதை

அந்தப் பெனால்டிக்குப் பிறகு சவுத்கேட் பெயர் இங்கிலாந்தில் ஒரு வழக்குச் சொல் மாதிரி ஆகிப்போனது. பெனால்டி என்றாலே அவர் முகம். சும்மா ஓங்கி அடித்திருக்கலாமே என்று அவருடைய அம்மாவே கேட்டதாகச் சொல்வார்கள்.

சில மாதங்களில் ஒரு பீட்சா விளம்பரம் வந்தது. 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் இதே ஜெர்மனியிடம் பெனால்டியைத் தவறவிட்ட ஸ்டூவர்ட் பியர்ஸ், கிறிஸ் வாடில் இருவரும் அதில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் சவுத்கேட், முகம் தெரியாமல் இருக்கத் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டிருப்பார். சமூக வலைதளம் இருந்திருந்தால் மீம் போட்டிருப்பார்கள். அது இல்லாத காலத்தில் விளம்பரம் எடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இங்கிலாந்துக்காக மொத்தம் 57 ஆட்டங்கள் ஆடினார். 2001-ல் மிடில்ஸ்பரோ கிளப்புக்குப் போனார். 2004-ல் அந்த அணி போல்ட்டனை 2-1 என வீழ்த்தி லீக் கோப்பையை வென்றபோது கேப்டன் சவுத்கேட்தான். 1876-ல் தொடங்கிய அந்தக் கிளப்புக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. வீரராக அவரது கடைசி ஆட்டம் 2006 யூஈஎஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டி. செவியா அணியிடம் 0-4 என்று தோல்வி.

நேற்று சக வீரர், இன்று பாஸ்

அந்த இறுதிப்போட்டி முடிந்த கையோடு மிடில்ஸ்பரோ மேனேஜர் ஸ்டீவ் மெக்லாரன் இங்கிலாந்து அணிக்குப் பொறுப்பேற்கப் போனார். கிளப் தன் கேப்டனையே மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தது. சவுத்கேட்டுக்கு அப்போது 35 வயது. பிரீமியர் லீக் மேனேஜருக்குத் தேவையான உயர்நிலைப் பயிற்சியாளர் உரிமம்கூட அவரிடம் இல்லை. சிறப்பு அனுமதி வாங்கித்தான் வேலை பார்த்தார்.

ஆபீஸில் திடீரென டீம் லீட் ஆனவர்களுக்கு இந்த நிலைமை புரியும். நேற்றுவரை பக்கத்து சீட்டில் இருந்தவரை இன்று வெளியே உட்காரவைக்க வேண்டும். வீரராக இருந்தால் தன் இடத்தை மட்டும் காத்தால் போதும். மேனேஜருக்கு 25 பேரின் மனசு, கிளப்பின் பணம், ரசிகர்களின் கோபம் எல்லாம் தலையில்.

முதல் சீசனில் 12-வது இடம். இரண்டாவது சீசனில் 13-வது. அந்த சீசனின் கடைசி நாளில் மான்செஸ்டர் சிட்டியை 8-1 என்று நொறுக்கினார்கள். அடுத்த சீசனில் எல்லாம் தலைகீழ். 19-வது இடம். 11 ஆண்டுகள் பிரீமியர் லீக்கில் இருந்த மிடில்ஸ்பரோ 2009-ல் கீழே இறங்கியது. அந்த அக்டோபரில், இரண்டாம் நிலை லீக்கில் முதலிடத்துக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் அணி இருந்த நேரத்தில், டெர்பியை 2-0 என்று வென்ற ஆட்டம் முடிந்ததும் சவுத்கேட்டின் வேலை போனது.

முதல் மேனேஜர் வேலையில் அணி கீழிறங்கியது, வேலையும் போனது. வழக்கமாக இப்படிப்பட்ட ஒருவரின் கதை டி.வி. வர்ணனையாளர் இருக்கையில் முடிந்துவிடும். சவுத்கேட்டும் கொஞ்ச காலம் அந்த இருக்கையில் இருந்தார்.

யாரும் கவனிக்காத ஐந்து வருடங்கள்

2011-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கத்தில் இளம் வீரர்களை உருவாக்கும் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கேமராவும் கைதட்டலும் இல்லாத வேலை. எந்த வயதில் எத்தனை பேர் கொண்ட ஆட்டம், எவ்வளவு பெரிய மைதானம் என்பதெல்லாம் அங்கே பேசப்பட்ட விஷயங்கள். சின்னப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் ஓடவிட்டால் பலமும் வேகமும் உள்ளவன்தான் ஜெயிப்பான், பந்தைக் கையாளத் தெரிந்தவன் காணாமல் போவான் என்ற வாதம் அப்போது இங்கிலாந்தில் சூடுபிடித்திருந்தது.

2013-ல் 21 வயதுக்குட்பட்டோர் அணியின் மேனேஜர் ஆனார். 2015 ஐரோப்பியத் தொடரில் அந்த அணி முதல் சுற்றோடு திரும்பியது. 2016-ல் பிரான்ஸின் டூலோன் தொடரை வென்றது. இதில் கோப்பையைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. நாளை சீனியர் அணிக்கு வரப்போகும் பையன்கள் யார், யாருக்கு என்ன பயம், யார் எப்போது முகம் வாடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்துபோனது.

இங்கிலாந்து சீனியர் அணி அப்போது அதலபாதாளத்தில் இருந்தது. 2014 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு காலி. 2016 யூரோவில் குட்டி நாடான ஐஸ்லாந்திடம் தோல்வி. புதிதாக வந்த சாம் அலார்டைஸ் ஒரே ஒரு ஆட்டத்தோடு, 67 நாளில் சர்ச்சையில் சிக்கி விலகினார். கைவசம் இருந்த ஆள் சவுத்கேட். நான்கு ஆட்டங்களுக்குத் தற்காலிகமாகப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2016 நவம்பர் இறுதியில் அதை நிரந்தரமாக்கினார்கள். பெரிதாக யாரும் கொண்டாடவில்லை.

பெனால்டி லாட்டரியா?

2018 உலகக் கோப்பைக்கு முன்பு வரை பெரிய தொடர்களில் இங்கிலாந்து சந்தித்த ஷூட் அவுட்கள் 7. வென்றது ஒன்றே ஒன்று, 1996-ல் ஸ்பெயினுக்கு எதிராக. 1990, 1996-ல் ஜெர்மனி, 1998-ல் அர்ஜென்டினா, 2004-லும் 2006-லும் போர்ச்சுகல், 2012-ல் இத்தாலி என ஆறு தோல்வி.

இதற்கு அந்நாட்டில் ஒரு ரெடிமேட் பதில் இருந்தது: பெனால்டி ஒரு லாட்டரி, பயிற்சியால் ஒன்றும் ஆகாது. 1998-ல் அர்ஜென்டினாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை அடித்தவர் டேவிட் பேட்டி என்ற மிட்ஃபீல்டர். தொழில்முறை ஆட்டத்தில் அதற்கு முன் அவர் பெனால்டி அடித்ததே கிடையாது. அதாவது சவுத்கேட்டுக்கு நடந்தது இரண்டு வருடத்தில் இன்னொருவருக்கும் அப்படியே நடந்தது.

உண்மையில் பெனால்டி எப்படி வேலை செய்கிறது?

பந்து வைக்கும் புள்ளிக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீட்டர். கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து கோட்டைத் தொட அரை விநாடிகூட ஆகாது. பார்த்துவிட்டுப் பாய கோல்கீப்பருக்கு நேரமில்லை. அவர் முன்கூட்டியே ஊகித்துத்தான் பாய வேண்டும். அதனால்தான் சராசரியாக நான்கில் மூன்று பெனால்டி கோல் ஆகிறது.

அப்படியென்றால் அடிப்பவருக்குத்தானே சாதகம்? கணக்குப்படி ஆமாம். சிக்கல் காலில் இல்லை. நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வரும் அந்த 40 மீட்டர் சொச்சத்தில்தான் இருக்கிறது. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஷூட் அவுட் வீடியோக்களை நாடுவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். நடுவர் விசில் ஊதியதும் மற்ற பெரிய நாட்டு வீரர்களைவிட வேகமாக ஓடிப்போய் அடித்தவர்கள் இங்கிலாந்து வீரர்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற மனநிலை. பரீட்சை ஹாலில் யோசிக்காமல் எழுதிவிட்டு முதல் ஆளாக வெளியே வருவோமே, அந்த மாதிரி.

சவுத்கேட்டுக்கு இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அந்த நடையை அவர் நடந்திருக்கிறார்.

மாஸ்கோவில் ஒரு பட்டியல்

2018 உலகக் கோப்பைக்கு மூன்று மாதம் முன்பே, மார்ச் மாதத்தில், வேலை தொடங்கியது. உளவியலாளர் பிப்பா கிரேஞ்ச் குழுவில் இருந்தார். அழுத்தத்தில் யார் எப்படி இருப்பார்கள் என்று வீரர்களுக்கு உளவியல் சோதனைகள் நடந்தன. பயிற்சி முடிந்து களைத்த காலோடு பெனால்டி அடிக்கச் சொன்னார்கள். நடுக்கோட்டிலிருந்து நடந்து வருவதையும் சேர்த்தே பழகினார்கள். அவசரப்படாதே, மூச்சு விடு, உன் நேரத்தை நீ எடுத்துக்கொள் என்பது பாடம். பந்தை எதிரணி கோல்கீப்பரிடமிருந்து வாங்க வேண்டாம், நம் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டே கையில் கொடுப்பார் என்பது வரை திட்டம் இருந்தது. யார் யார், எந்த வரிசையில் என்ற பட்டியல் தயார்.

ஜூலை 3, மாஸ்கோ. கொலம்பியாவுக்கு எதிரான நாக் அவுட் ஆட்டம். ஹாரி கேன் கொடுத்த முன்னிலையைக் கடைசி நேரத்தில் யெர்ரி மினா தலையால் முட்டிச் சமன் செய்தார். மறுபடியும் 1-1. மறுபடியும் ஷூட் அவுட். 1996-ஐப் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

ஜோர்டன் ஹெண்டர்சன் அடித்ததை கொலம்பிய கோல்கீப்பர் தடுத்தார். வழக்கமான கதைதான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மாத்தேயுஸ் உரிபே அடித்தது மேல் கம்பத்தில் பட்டது. கார்லோஸ் பாக்கா அடித்ததை பிக்ஃபோர்ட் ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். கடைசியாக எரிக் டையர் கோல் அடித்தார். 4-3. உலகக் கோப்பையில் இங்கிலாந்து வென்ற முதல் ஷூட் அவுட் அது.

வீரர்கள் துள்ளிக் குதித்தார்கள். சவுத்கேட் ஒரு கட்டத்தில் அங்கிருந்து விலகி, தலைகுனிந்து நின்ற உரிபேயை அணைத்துக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

அந்தத் தொடரில் இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9, கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி ஆகிய ‘செட் பீஸ்’ வழியாக வந்தவை. ஓடும் ஆட்டத்தில் அசத்தும் திறமை மற்ற அணிகளைவிடக் குறைவு என்றால், முன்கூட்டியே ஒத்திகை பார்க்கக்கூடிய இடங்களில் ஜெயிப்போம் என்பது கணக்கு. கார்னர் கிக்கில் சறுக்கினால் என்ன ஆகும் என்று பத்து வருடத்துக்கு மேல் பயந்துகொண்டே ஆடிய ஒரு டிஃபெண்டருக்கு, அதே கார்னரில் எதிரணியை எப்படிப் பயமுறுத்துவது என்பதும் தெரிந்திருக்கும் இல்லையா?

28 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பை அரையிறுதிக்கு வந்த இங்கிலாந்து, குரோஷியாவிடம் கூடுதல் நேரத்தில் 1-2 எனத் தோற்றது. ஆனால் ஊர் திரும்பிய அணியை மக்கள் திட்டவில்லை. மேனேஜர் அணிந்திருந்த மாதிரி வெயிஸ்ட்கோட் தேடி வாங்கினார்கள்.

மறுபடியும் வெம்ப்ளி

இத்துடன் நிறுத்திவிட்டால் கதை சினிமா மாதிரி அழகாக இருக்கும். நிஜம் அப்படி விடவில்லை.

2021, ஜூலை 11. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன யூரோ கோப்பை இறுதிப்போட்டி. அதே வெம்ப்ளி. எதிரே இத்தாலி. இரண்டாவது நிமிடத்தில் லூக் ஷா கோல் அடித்தார். 67-வது நிமிடத்தில் போனுச்சி சமன் செய்தார். ஷூட் அவுட்.

கூடுதல் நேரம் முடியப்போகும் கடைசி நிமிடத்தில், பெனால்டிக்காகவே மார்கஸ் ராஷ்ஃபோர்டையும் ஜேடன் சாஞ்சோவையும் சவுத்கேட் களமிறக்கினார். பயிற்சியில் நன்றாக அடித்தவர்கள் என்பதால் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. ராஷ்ஃபோர்ட் அடித்தது போஸ்ட்டில் பட்டது. சாஞ்சோ அடித்ததை டொனாரும்மா தடுத்தார். ஐந்தாவது, தவறவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற பெனால்டியை அடிக்க வந்தவர் புகாயோ சாகா. வயது 19. அதையும் டொனாரும்மா தடுத்தார். 3-2. கோப்பை இத்தாலிக்கு.

1996-ல் பட்டியல் இல்லாதது பிரச்சினை. 2021-ல் பட்டியல் இருந்தது, பயிற்சி இருந்தது, ஆனாலும் தோல்வி. ஆட்டத்தின் சூடே ஏறாத இருவரை நேராகப் பெனால்டிக்கு அனுப்பலாமா, 19 வயதுப் பையனிடம் அவ்வளவு பெரிய சுமையைக் கொடுக்கலாமா என்ற கேள்விகள் நியாயமானவை. தயாரிப்பு வெற்றிக்கான வாய்ப்பைக் கூட்டும். வெற்றிக்கு உத்தரவாதம் தராது. அன்றைய முடிவுகளில் மேனேஜரும் தவறியிருக்கலாம்.

ஆனால் அடுத்து நடந்தது 1996 மாதிரி இல்லை. யார் அடிப்பது என்று முடிவெடுத்தவன் நான், பொறுப்பு என்னுடையது என்று ஆட்டம் முடிந்ததுமே சவுத்கேட் சொன்னார். சாகாவை மைதானத்திலேயே இறுக்கி அணைத்துக்கொண்டார். அன்றிரவே மூன்று கறுப்பின வீரர்கள் மீதும் சமூக வலைதளங்களில் இனவெறி வசவுகள் கொட்டத் தொடங்கின. மன்னிக்கவே முடியாது என்று மறுநாள் வெளிப்படையாகக் கண்டித்தார். மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை யாரோ சிதைத்தார்கள். ஊர் மக்கள் வந்து அந்த இடம் முழுக்க அன்பான வாசகங்களை ஒட்டி மூடினார்கள்.

1996-ல் தவறவிட்டவர் தலையில் காகிதப் பை. 2021-ல் தவறவிட்டவர்களுக்கு முன்னால் மேனேஜர் போய் நின்றார். சென்டர் பேக் வேலைதான் அதுவும்.

அப்போ, ஏன் இவ்வளவு விமர்சனம்?

சவுத்கேட்டின் எட்டு வருடத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது பாதி உண்மை.

முதல் குற்றச்சாட்டு, டிஃபெண்டர் மூளை. ஹாரி கேன், ஜூட் பெல்லிங்ஹாம், ஃபில் ஃபோடன், சாகா என்று தாக்குதல் வீரர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, கதவைப் பூட்டிவிட்டு ஆடுகிறார் என்றார்கள். பூட்டு வேலை செய்தது என்பதும் உண்மை. 2021 யூரோவில் ஏழு ஆட்டத்தில் ஷூட் அவுட் நீங்கலாக வாங்கிய கோல் இரண்டே இரண்டு. ஆனால் பெரிய ஆட்டங்களில் ஆரம்பத்திலேயே முன்னிலை பெற்றுவிட்டு, அப்புறம் பின்வாங்கி, எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு நிற்பது வழக்கமானது. 2018-ல் குரோஷியாவுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்தில் முன்னிலை. 2021-ல் இத்தாலிக்கு எதிராக இரண்டாவது நிமிடத்தில் முன்னிலை. இரண்டிலும் தோல்வி.

இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே மாற்றங்களைத் தாமதமாகச் செய்கிறார் என்பது. மூன்றாவது, கோப்பை எங்கே என்பது. 2022 ஜூனில் சொந்த ஊரில் ஹங்கேரியிடம் 0-4 என்று தோற்றபோது ரசிகர்கள் முகத்துக்கு நேராகவே கேலி செய்தார்கள். அந்த ஆண்டு உலகக் கோப்பை காலிறுதியில் பிரான்ஸிடம் 1-2 தோல்வி. 84-வது நிமிடத்தில் பெனால்டியை மேலே தூக்கி அடித்தவர், இங்கிலாந்தின் மிகச் சிறந்த பெனால்டி வீரர் ஹாரி கேன். அன்றும் கேனைக் குறை சொல்ல சவுத்கேட் மறுத்தார்.

2024 யூரோவில் ஸ்லோவேனியாவுடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, ரசிகர்களுக்கு நன்றி சொல்லப் போனவர் மீது காலி பீர் கப்புகள் பறந்து வந்தன. எறிந்தவர்கள் இங்கிலாந்து ரசிகர்கள்.

டுசெல்டார்ஃபில் ஐந்துக்கு ஐந்து

அதே தொடரில், ஜூலை 6. சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதி. 75-வது நிமிடத்தில் சுவிஸ் முன்னிலை. 80-வது நிமிடத்தில் சாகா அருமையான கோல் அடித்துச் சமன் செய்தார். மீண்டும் 1-1. மீண்டும் ஷூட் அவுட்.

கோல் பால்மர், ஜூட் பெல்லிங்ஹாம், சாகா, ஐவன் டோனி, ட்ரென்ட் அலெக்ஸாண்டர் ஆர்னால்ட். ஐந்து பேர், ஐந்து கோல். பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் எந்த சுவிஸ் வீரர் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அகாஞ்சி அடித்ததை அதன்படியே பாய்ந்து தடுத்தார். அடித்துவிட்டுத் திரும்பியவர்களை வரவேற்க சக வீரர் முன்னால் நடந்து வந்தார். போகும்போது தனியாகப் போனாலும், வரும்போது தனியாக வரவிடக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக அடித்த சாகாவைக் கவனியுங்கள். மூன்று வருடம் முன்பு உலகமே பார்க்கத் தவறவிட்டவர். பட்டியலில் அவர் பெயரை சவுத்கேட் நீக்கவில்லை. சாகாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடி வந்தார், கோல்கீப்பரை ஏமாற்றி கோல் ஆக்கினார், சிரித்தார்.

அரையிறுதியில் நெதர்லாந்தை 2-1 என வீழ்த்திய இங்கிலாந்து, பெர்லின் இறுதிப்போட்டியில் ஸ்பெயினிடம் 1-2 எனத் தோற்றது. 86-வது நிமிடத்தில் வாங்கிய கோல். இரண்டு நாள் கழித்து, ஜூலை 16 அன்று, சவுத்கேட் பதவி விலகினார்.

கணக்கு என்ன சொல்கிறது?

102 ஆட்டங்கள். 61 வெற்றி, 24 டிரா, 17 தோல்வி. இங்கிலாந்து மேனேஜராக நூறு ஆட்டங்களைத் தொட்டவர்கள் அவருக்கு முன் இருவர்தான்: வால்டர் வின்டர்பாட்டம், ஆல்ஃப் ராம்சே. நான்கு பெரிய தொடர்களில் ஒரு அரையிறுதி, ஒரு காலிறுதி, இரண்டு இறுதிப்போட்டி. அவருக்கு முன் இங்கிலாந்து ஆண்கள் அணி பெரிய தொடரின் இறுதிப்போட்டியில் ஆடியது ஒரே ஒரு முறை, 1966-ல். அந்த அணியின் மேனேஜர் ராம்சேவும் ஒரு டிஃபெண்டர்தான். அவர் கோப்பையை வென்றார். சவுத்கேட் வெல்லவில்லை. இந்த வித்தியாசத்தை எந்தப் புள்ளிவிவரத்தாலும் மறைக்க முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவருக்கு முன் 7 ஷூட் அவுட்டில் 1 வெற்றி. அவர் காலத்தில், 2019 நேஷன்ஸ் லீக் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்து, 4-ல் 3 வெற்றி. லாட்டரி என்று நாடே நம்பிய ஒன்றை, ஒத்திகை பார்க்கக்கூடிய வேலையாக மாற்றியிருக்கிறார்.

அவருடைய கதையை வைத்து ஜேம்ஸ் கிரஹாம் எழுதிய ‘டியர் இங்கிலாந்து’ நாடகம் 2023-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறி, சிறந்த புதிய நாடகத்துக்கான ஆலிவியர் விருதை வென்றது. 2025 புத்தாண்டு கௌரவப் பட்டியலில் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. கோப்பை இல்லாத ஒரு மேனேஜருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் இன்றும் அங்கே உண்டு. கேட்கலாம்.

ஆனால் நம் வேலையிடங்களிலும் இதே மாதிரி ஒன்று நடக்கும். புராஜெக்ட் சொதப்பும். கடைசியாகக் கைவைத்தவர் யாரோ, அவர் பெயர் மெயிலில் வரும். ஆறாவது ஆள் யார் என்று முன்பே ஏன் யோசிக்கவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். 1996-ல் அந்த மாதிரி மாட்டிக்கொண்டவர், பொறுப்புக்கு வந்ததும் முதலில் பட்டியலைத் தயார் செய்தார். பட்டியல் இருந்தும் தோற்ற நாளில், அதை எழுதியது நான்தான் என்று கையைத் தூக்கினார். தவறவிட்ட பையனுக்கு அடுத்த முறையும் பந்தைக் கொடுத்தார்.

அந்தப் பையன் கோல் அடித்தான்.